விட்டுப்போன கட்டம்

இருமுவதற்கென்றே முகக்கவசத்தைக் கீழே இறக்குகிறார்கள், இருமி முடித்ததும் பதவிசாக மேலே ஏற்றிக்கொள்கிறார்கள், இந்தக் காலத்து மனுஷர்களின் படிப்பும் பவிசும் அவ்வளவுதான். இதோ பக்கத்து நாற்காலித் தொப்பிக்காரர் இப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்து முடித்தார், கப்பல் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அதற்குள் தலையில் வெயில் தொப்பி, இந்த அலுவலகத்துக்குள் ஏது வெயில்... பெரியவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கையில் அறுபத்தேழு என்று அச்சடித்த சீட்டு. அவருக்கு எண்கள் தெரியும், தன் பெயரைப் போடத் தெரியும், மற்றதெல்லாம் வீட்டில் இருக்கிறவள் படித்துச் சொல்வதுதான். மடியில் இரண்டு தாள், ஒன்று அவளுடையது, ஒன்று இவருடையது, இரண்டையும் அவளே நிரப்பி, தன்னுடையதில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டாள். இவரும் போட்டு ஒரு மணிக்குள் நீட்டிவிட்டால் இருவருக்கும் கப்பலில் இடம் உறுதி, நீட்டாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும். போடுவதா வேண்டாமா... ஊரெல்லாம் காய்ச்சல், ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாம் கட்டில், இந்த நேரத்தில் எவனாவது கடலைப் பார்க்கப் போவானா? "பெரியவரே, நீங்களும் அஞ்சு நாள் பயணமா?" என்றார் தொப்பிக்காரர். பார்க்கணும் என்றார் இவர். "இன்னும் என்னத்தப் பாக்கணும், பாதிப் பேரு பயந்துபோய் விலகிட்டான், நமக்கு நல்லதுதான், சாப்பாட்டு வரிசையில இடிச்சுக்க வேண்டாம்." இந்த ஆளோடு ஐந்து நாள், அதுவும் இறங்கி ஓட முடியாத இடத்தில்.

போன வாரம் தொலைக்காட்சியில் காட்டினார்கள், இதே மாதிரி ஒரு கப்பல், எந்தத் துறைமுகமும் சேர்த்துக்கொள்ளாமல் கடலில் நின்றது, ஜன்னலுக்கு ஒரு முகம், ஒரு கிழவி துண்டை ஆட்டிக்கொண்டே இருந்தாள், யாருக்கு ஆட்டினாளோ. அறைக்குள்ளேயே இருந்தால் பயமில்லை என்று கோட்டுப் போட்ட ஒருவன் பேசினான். அவனுக்கு என்ன தெரியும்? நாற்பது வருஷம் ஏ.சி. காற்றுக் குழாய்க்குள் தவழ்ந்து சுத்தம் செய்த இவரிடம் கேட்டால் தெரியும், ஓட்டலில் அறைக்கு அறை சுவர் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, காற்றுக்கு மட்டும் சுவரும் இல்லை பூட்டும் இல்லை. மூன்றாம் அறையில் பிடித்த சிகரெட் ஏழாம் அறைத் தலையணையில் நாறும், ஒருத்தன் விட்ட மூச்சைத்தான் இன்னொருத்தன் இழுத்துக்கொண்டு படுத்திருப்பான். உள்ளே என்னென்ன கிடந்தது, குழந்தையின் ஒற்றைக் காலுறை, காய்ந்த புறா, போர்வை மாதிரி மெத்தென்று படிந்த சாம்பல் நிறத் தூசு... அந்தத் தூசைச் சுரண்டி மூட்டை கட்டுவதுதான் பிழைப்பு, மூக்கில் கட்டிக்கொள்ள முதலாளி இவருக்குத் துணி கொடுத்திருந்தான். அவளுக்கு யார் கொடுத்தார்கள்? வேலை முடிந்து அப்படியே வீட்டுக்கு வருவார், சட்டையைக் கழற்றிக் குளியலறைக்குள் எறிவார், அவள் கதவைச் சாத்திக்கொண்டு உதறுவாள், தட் தட்டென்று, "உதறாம நனைச்சா சேறாயிடுதுங்க" என்பாள். ஜன்னலைத் திறந்தால் மேல்மாடிக்காரி தன் துணியில் தூசு படிகிறதென்று சண்டைக்கு வருகிறாள் என்று ஜன்னலையும் சாத்தினாள், சாத்தச் சொன்னது இவர்தான், வம்பு வேண்டாம் என்று. தவழ்ந்தவன் கல்லு மாதிரி இருக்கிறான், உதறினவள் இருமுகிறாள். இது எந்த ஊர் நியாயம்... யாரைப் போய்க் கேட்பது, முதலாளியையா, மேல்மாடிக்காரியையா, தன்னையேவா?

இருமல்தான், வேறு ஒன்றும் இல்லை, போன மாதம் நெஞ்சைப் படம் எடுத்துக் கொடுத்த அறிக்கையை அவளே படித்துச் சொன்னாளே, பழைய தூசு, போகப் போகச் சரியாகிவிடும் என்று. டாக்டரை இவர் நம்புவதில்லை, இவரை வெளியே நிறுத்திவிட்டு அவளிடம் மட்டும் அரை மணி நேரம் என்ன பேச்சு, ஆனால் அவள் படித்தால் அது சரியாகத்தான் இருக்கும். வாடகைப் பத்திரத்திலிருந்து மகளின் கல்யாணக் கடிதம் வரைக்கும் அவள் விரலை ஓட்டிப் படிக்க, இவர் தலையை ஆட்ட, ஒரு தடவையாவது தப்பியதுண்டா? அப்படிப்பட்டவள், புதுச் செருப்பு வேண்டும் என்றுகூட வாய்விட்டுக் கேட்காதவள், திடீரென்று கப்பல், கடல், சுற்றிலும் கரையே தெரியக்கூடாது என்கிறாள். காய்ச்சல் அடங்கட்டும், அடுத்த வருஷம் போகலாம் இவளே என்றதற்கு, "அடுத்த வருஷம் உங்க முட்டி மாடி ஏறுமா, அங்க எல்லாம் ஏணிப்படிதானாம்" என்று சிரித்தாள். சரி, முட்டி பேரில் போட்டாள், அவளுடைய குசும்பு அப்படி. மகளாவது தடுப்பாள் என்று பார்த்தால், சந்தைக்குப் போனதற்கே அரை மணி நேரம் வைத மகள், "அம்மா ஆசைப்பட்டா கூட்டிட்டுப் போங்கப்பா" என்றாள், போனையும் வைத்துவிட்டாள். பெற்றவளைக் காய்ச்சலுக்குள் அனுப்புவதற்கு ஒரு வார்த்தை தடை சொல்லவில்லை. அக்கறை அவ்வளவுதான், என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

அறுபத்தேழு என்று பலகையில் எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இரண்டு தாளையும் வாங்கி, பேனா முனையால் வரி வரியாக இறங்கிக்கொண்டே வந்தாள், அவளுக்கு மேலே ஏ.சி. காற்றுத் துவாரத்தின் கம்பிகளில் தூசு தாடி வளர்த்திருந்தது, துடைத்து ஒரு வருஷமாவது இருக்கும், அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு இவர்கள் கப்பலில் காற்று சுத்தம் என்று சொல்வார்கள். "உங்க தாள்ல ஒரு கட்டம் விட்டுப்போச்சு ஐயா." என்ன கட்டம் என்றார். "வீட்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா, ஆமாவா இல்லையா?" இப்படி ஒரு வரியா... இல்லையே, அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் அவள் படித்தாளே, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆபரேஷன், அப்புறம் கர்ப்பமா இருக்கீங்களா என்று வந்தது, "எனக்குக் கேக்குறானா உனக்கா?" என்றார் இவர், "ரெண்டு பேருக்கும்தான், ரெண்டு தாளும் ஒரே மாதிரிதானே" என்று அவள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே கேட்காது என்று அவள் நினைப்பு, ஏ.சி. குழாய்க்குள்ளேயே காலம் தள்ளினவன் காதுக்கா கேட்காது. முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், விரலை வைத்தாள். எங்கே வைத்தாள்? விட்ட இடத்திலா, அடுத்த வரியிலா? "அவ தாள்ல அந்த வரிக்கு என்னம்மா போட்டிருக்கா?" "இல்லைன்னு போட்டிருக்காங்க ஐயா. நுரையீரல் நோய்க்கும் இல்லைதான். உங்களோடதுலதான் காலியா இருக்கு, ஒரு டிக்கு போட்டுக் கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுது." தன்னுடையதில் பொய்யை எழுதிக்கொண்டாள், இவருடையதில் எழுதக் கை வரவில்லையா, இல்லை இருமலில் வரி தவறிப்போனதுதானா... ஆமாம் என்று போட்டால் அவளுக்குக் கடல் இல்லை. இல்லை என்று போட்டால் அந்த நெஞ்சை ஊர்ப்பட்ட பேர் விட்ட மூச்சுக்குள் இவரே கையெழுத்துப் போட்டுத் தள்ளின மாதிரி. "ஐயா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க." தாளைத் திருப்பிக் கொடும்மா என்றார். "ஒரு மணிக்கு மூடிடுவோம்" என்றாள். உங்க கம்பியை முதல்ல துடைங்க என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போனார்.

வாசலருகே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருப்பாள். "என்னங்க, குடுத்தாச்சா?" "ஒரு கட்டம் விட்டுப்போச்சாம்." அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம்தான் கேட்டது. "எந்தக் கட்டம்னு கேக்க மாட்டியா இவளே?" "ஒண்ணுமில்லீங்க, வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க, நான் படிச்சுச் சொல்றேன்," என்றாள், உடனே போனை அணைக்காமலே கீழே வைத்த சத்தம், சற்றுத் தள்ளிக் குழாய் திறக்கிற சத்தம். ஒண்ணுமில்லீங்க. அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தாள், படம் எடுத்த அறிக்கையைப் பிரித்து வைத்துக்கொண்டு... அது மூன்று தாள். மூன்றும் இரண்டு பக்கமும் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து, இவர் பார்த்தார், தானே பிரித்துப் பார்த்தார். ஆறு பக்கத்துக்கு ஒரே ஒரு வரிதான் படித்தாள். பழைய தூசு, சரியாயிடும். மிச்சத்தில் என்ன இருந்தது? பீரோவில் போர்வைக்கு அடியில்தான் இருக்கிறது, தெருமுனை மருந்துக் கடைக்காரரிடம் நீட்டினால் ஒரு நிமிஷத்தில் படித்துவிடுவார். "என்ன பெரியவரே, கிடைச்சுதா?" என்று தொப்பிக்காரர் உள்ளேயிருந்து கேட்டார். காதில் விழாத மாதிரி படி இறங்கினார், தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், கடிகாரத்தில் இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துவிடலாம், அவள் படித்துச் சொல்லட்டும், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இத்தனை வருஷமாக இருந்ததே... என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே நடந்தார், சொல்லச் சொல்ல அந்த வார்த்தை வேறு யாரோ விற்க வந்த, நம்பி வாங்க முடியாத சரக்கு மாதிரி இருந்தது.