புடிச்சிருக்கா?

1

இந்தக் கதை உன்னதமான தருணம் எதிலும் பிறக்கவில்லை. மரங்களைக் காப்பது பற்றி ஒரு கூட்டத்தில் பேச, மாடியறையில் உட்கார்ந்து உரை தயாரித்துக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே ரம்பம் அலறி, எழுத விடாமல் செய்தது. எங்கள் வீட்டு மரத்தை வெட்ட ஆள் வைத்தவன் நான்தான். வேர் சுவரைப் பிளந்துவிட்டது. உரையில் சுவர் வராது.

2

தொடக்கங்கள்:

மரம் என்பது மண் வானத்துக்கு எழுதிய (கடிதமா, விண்ணப்பமா? அடித்தாயிற்று.)

அந்தரத்தில் தொங்கியபடி அவன் வாழ்வின் நிலையாமையை (மேலே என்ன நினைப்பு வரும் என்று அவனையே கேட்டேன். "மூக்கு அரிக்கும் சார். கையுறையோட சொறிய முடியாது." இதுவும் போயிற்று.)

சரி, நேராகவே சொல்கிறேன். அவன் மரமேறி. இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டு, வெட்டப்போகும் கிளையை ஒரு கயிற்றால் கட்டுவான். அந்தக் கயிறு உச்சிக் கவையில் மாட்டிய கப்பி வழியாக இறங்கி, அடிமரத்தில் பொருத்திய இரும்பு உருளையைச் சுற்றி, அவன் மனைவியின் கைக்கு வரும். கிளை அறுந்ததும் அதன் கனம் முழுக்க அவள் பிடியில். அவள் விட்டு விட்டு இறக்குவாள். இலை மறைப்பதால் மேலிருந்து அவளைத் தெரியாது. அதனால் ரம்பத்தை வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் கேட்பான்:

"புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு."

அதன் பிறகுதான் அறுப்பு.*

* இவளுடைய அண்ணன்தான் முதலில் கயிறு பிடித்தவனாம். அவன் காய்ச்சலில் படுத்த ஒருநாள் தங்கை வந்திருக்கிறாள். மேலிருந்து வழக்கம்போலக் கேள்வி. கீழிருந்து பெண்குரலில் பதில். அன்றைக்கு நெடுநேரம் ரம்பம் ஓடவில்லையாம். (இதை அவன் சொன்னானா, நான் சேர்த்தேனா என்பது இப்போது எனக்கே குழப்பம்.)

3

காலை முழுக்க அந்தக் கேள்வியும் பதிலும் இலைகளுக்குள் போய்வந்தன. கிளைகள் ஒவ்வொன்றாக என் சன்னலைக் கடந்து இறங்கின, விழுவது என்றால் என்னவென்றே அறியாதவை போல. வெயிலில் மரத்தூள் மிதந்தது. சற்று நேரத்தில் கிளை இறங்கவில்லை, அறைதான் மேலே போகிறது என்று தோன்றியது. மேசையும் நானும் முடிக்காத உரையும் மெல்ல உயர்ந்துகொண்டிருந்தோம். யாரோ கீழே பிடித்திருக்கிறார்கள் என்ற நிம்மதியில் கண் செருகியது.

(கனவு நடையில் எழுதினால் கதாசிரியர் தூங்கியது தெரியாது.)

4

மதியம் இருவரும் நிழலில் சாப்பிட்டார்கள். பேச்சு மாடிவரை கேட்டது.

"மின்கம்பி இழுக்கற இடத்துல மரம் வெட்டற வேலை. மூணு மாசம். வரேன்னு சொல்லிட்டேன்."

"கீழ யாரு?"

"அங்கயே ஆள் தர்றாங்க."

"என்கிட்ட கேக்கல."

"இதுல கேக்க என்ன இருக்கு?"

அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

"சுள்ளி மாதிரி ஒரு கிளை. அதுக்குக்கூட கேப்ப. இதுக்கு மட்டும் கேக்க என்ன இருக்கா?"

அவன் எழுந்து மரமேறினான். கோபத்தில் ஏறுகிறவர்கள் வேகமாக ஏறுவார்கள் என்று எழுதியிருந்தேன். இவன் வழுக்கி வழுக்கி ஏறினான்.

5

மிச்சம் இருந்தது என் அறைக் கூரைமேல் நீண்ட பெரிய கிளை. கயிற்றைக் கட்டினான், ரம்பத்தை இழுத்தான், வைத்தான். கேட்கவில்லை.

பாதி அறுத்த பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். ரம்பம் நின்றது.

"புடிச்சிருக்கா?"

பதில் இல்லை. கிளை முனகியது. பாதி அறுத்ததை விட்டு இறங்கவும் முடியாது, அடுத்த காற்று வந்தால் அதுவாகவே முறியும். கீழே அவள் உருளைக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கயிறு மடியில் கிடந்தது. கையில் இல்லை.

"சார், அவகிட்ட கொஞ்சம் கேளுங்க."

எழுத்தாளனுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை இதுவரை யாரும் தந்ததில்லை. சன்னலில் எட்டி, தொண்டையைச் செருமி, கேட்டேன்:

"புடிச்சிருக்காம்மா?"

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "யாரை என்ன கேக்கறீங்க அங்க?"

கீழே அவள் திரும்பாமலே சொன்னாள்: "அந்த மனுசனுக்குச் சொல்லுங்க சார். மூணு மாசம் எவன் புடிச்சிருக்குன்னு சொல்லப்போறானோ, அவன்கிட்டயே கேக்கச் சொல்லுங்க."

சொன்னேன்.

6

முடிவுகள்:

அ) அவள் கண்கள் பனிக்க (பனிக்கவில்லை. மரத்தூள்.)

ஆ) கயிறு ஓடுகிறது, கிளை கூரையைப் பிளந்து கதாசிரியர் தலைமேல் விழுகிறது. விமர்சகர்களுக்கு இதுதான் பிடிக்கும். இரண்டு பேர் கை கொடுக்கவும் வருவார்கள்.

இ) அவன் பயணத்தை ரத்து செய்கிறான். (செய்யமாட்டான். அவள் கேட்டதும் அதுவல்ல.)

7

காற்று தெருமுனை வரை வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் ஆடுகின்றன. அடுத்த வாக்கியத்தை எழுதினால் இங்கே ஏதாவது விழும். எழுதாதவரை எல்லாம் அப்படியே நிற்கிறது: தூள் வெயிலில், அவன் இலைகளுக்குள், கிளை பாதியில், நானும் என் மேசையும் இன்னும் கொஞ்சம் உயரத்தில்.

மேலிருந்து அவன் குரல். இந்தத் தடவை கத்தவில்லை.

"அன்னிக்கே கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன்."

எதைக் கேட்கிறான்? கிளையையா, மூன்று மாதத்தையா, அதற்கும் முந்தைய எதையோவா? நான் சன்னலை விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் கை கயிற்றில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கப்போவதில்லை.

எனக்கும் கீழே இருப்பவர்களைத் தெரிவதில்லை, காகிதம் மறைக்கிறது. கயிறு மட்டும் இந்த வரிகளில் சுற்றிச் சுற்றி இறங்கி, இந்நேரம் உங்கள் மடிக்கு வந்திருக்கும். மீதிப் பாதியை அறுக்குமுன் வழக்கப்படி கேட்டுவிடுகிறேன்.

புடிச்சிருக்கா?