ஓவர்சியரின் மரத்தவளை

சிரிக்காதீங்க. ஒரு வளர்ந்த ஆம்பளை கட்டையில தவளை செஞ்சு, பச்சைப் பெயிண்ட் அடிச்சு, கண்ணுக்கு ரெண்டு கண்ணாடி மணி பதிச்சு, அதைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத் திரிஞ்சா யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்துச்சு. நாங்க நடுத்தெருவுக்கு வந்ததுக்கு அந்தத் தவளைதான் காரணம்னு அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா, போடி பைத்தியம்னு அனுப்பியிருப்பேன்.

ஓவர்சியர் பரசுராமன் வெச்சிருந்த தவளை அது. கிருஷ்ணகிரிக்கு மேக்க எங்க ஆத்துல அணை கட்டுறாங்கன்னு அம்பத்தஞ்சுல ஆளும் லாரியுமா வந்து இறங்குனாங்களே, அதுல அவரும் ஒருத்தரு. கடலூர்ப் பக்கத்து ஆளு. ஞாயித்துக்கிழமை ஆனா சைக்கிளை மிதிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்குக் கீழே இருக்கிற ஏரிக்கு வந்துருவாரு. கையில மெல்லிசா ஒரு தூண்டில் கோலு, அதுல நூல் சுத்துற சின்னச் சக்கரம். அந்த நூலைத் தொட்டுப் பார்த்தேன். என் ரவிக்கை தைக்கிற நூலே தேவலாம்.

"இதுல நீங்க மீனை இழுப்பீங்களா, மீனு உங்களை இழுத்துக்கிட்டுப் போவுமா?"ன்னு கேட்டேன்.

அவரு கோவிச்சுக்கல. "தாம்புக் கயித்துல கட்டி இழுக்கிறதுக்கு மீனு என்ன மாடாம்மா? இந்த நூல்ல பிடிச்சாத்தான் பிடிச்ச மாதிரி"ன்னாரு. அவங்க ஊரு உப்பங்கழியில மோரான் கெண்டைன்னு ஒரு மீனாம். தூண்டில் முள்ளு மாட்டித் தண்ணிமேல மிதக்க விடுற மரக்கட்டையைப் படார்னு அடிச்சு வாயில கவ்விக்கிட்டு ஆள் உசரத்துக்கு எகிறுமாம். வெயில்ல வெள்ளித் தட்டு மாதிரி மின்னுமாம். மேல இருந்தே தலையை ஒரு உதறு உதறுனா கட்டை ஒரு பக்கம், மீனு ஒரு பக்கம். அதைச் சொல்றப்ப அந்த மனுசன் மூஞ்சியைப் பார்க்கணுமே! பொண்டாட்டி புள்ளைங்களை விட்டுட்டு வந்தவரு, அவங்களைப் பத்திக்கூட அப்படிப் பேசுனதில்லை.

எங்க ஏரியில மோரானுக்கு எங்க போறது? இருக்கிறது விராலுதான். அதுவும் தண்ணிமேல தவளை தத்துனா பாய்ஞ்சு அடிக்கும்னு யாரோ சொல்லி, அதுக்காகத்தான் அந்தத் தவளையைச் செதுக்கியிருந்தாரு. ஆடி மாசம் முழுக்க வீசி வீசிப் பார்த்தாரு. தாமரை இலையும் பாசியும்தான் மாட்டுச்சு. நானும் கரையில துணி துவைச்சுக்கிட்டே பார்த்துப் பார்த்துச் சிரிப்பேன்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எங்க வீட்டுக்குப் பின்னாடி, மேட்டுல, வெள்ளையடிச்ச கல்லு ஒண்ணு நட்டிருந்தாங்க. அணை நிறைஞ்சா தண்ணி அதுவரைக்கும் வரும்னு அர்த்தம். கல்லுக்குக் கீழே எங்க வீடு, எங்க கிணறு, காய்ப்புக்கு வந்த மாமரம், ராகி போடுற காடு, எல்லாமே. கல்லுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு மாத்து நிலம் தர்றோம்னாங்க. போய்ப் பார்த்தோம். சூளகிரிப் பக்கம் ஒரு கரடு. கடப்பாரையை ஓங்கிப் போட்டா நெருப்புப் பொறி பறக்குது. எங்க வீட்டுக்காரரு ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்துட்டு, அதைக் கீழே போடாம வழி பூரா கையிலயே வெச்சுக்கிட்டு வந்தாரு. அந்தக் கிணத்தை அவரு தன் கையால தோண்டுனவரு. தண்ணி ஊறுன அன்னைக்கு அதுலயே நின்னு அழுதவரு.

பக்கத்து நிலத்து ரசூல் பாய்தான் புத்தி சொன்னாரு. மாங்காய் வியாபாரி, நாலு ஊர் சுத்துன மனுசன். "தங்கச்சி, கல்லு காடோ முள்ளு காடோ, குடுக்கிறப்ப வாங்கிக்கணும். அப்புறம் கேட்டா யாரு குடுப்பா?"ன்னாரு. எங்க வீட்டுக்காரரு காதுல ஏறல. அவரு மனசுல வேற ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு.

"செல்வம், அந்தக் கல்லை நட்டது யாரு? ஓவர்சியரு. நட்டவரு பேத்து வேற இடத்துல நட முடியாதா?"ன்னு என்னைக் கேட்டாரு.

"முடியும்யா. உன் மூஞ்சிக்காக நடுவாரு, போ."

"அவருக்கு ஒரு விரால் மாட்டுச்சுன்னா நடுவாரு."

எந்த விராலைச் சொல்றாருன்னு எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. ஏன்னா ஏரியோட கோடிக்கரை ஓரம் ஒரு விராலு குஞ்சு பொரிச்சிருந்தது எங்க வீட்டுக்காரருக்குந் தெரியும், எனக்குந் தெரியும், ஊருக்கே தெரியும். குஞ்செல்லாம் செக்கச்செவேல்னு ஒரு கும்பலா மேல வந்து மூச்சு வாங்கிட்டு உள்ள போவும். கீழே தாயும் தகப்பனும் காவல் சுத்தும். அந்தச் சமயத்துல எங்க ஊருல ஒருத்தரும் அந்தப் பக்கம் வலையோ தூண்டிலோ போடமாட்டோம். மூணு வேளை பட்டினின்னாலும் குஞ்சோட இருக்கிற விராலைத் தொடக்கூடாது. எங்க அப்பன் பாட்டன் காலத்துக் கட்டு அது. அந்த மீனு பசிக்காகத் தவளையை அடிக்கிறதில்லை. குஞ்சுகிட்ட எது வந்தாலும் ஆவேசத்துல அடிக்கும். பொம்மைத் தவளையா, நிஜத் தவளையான்னு பார்க்கவெல்லாம் அதுக்கு நேரம் ஏது?

"யோவ், வேணாம்யா. நல்லா இருக்கமாட்டோம்"னு கத்துனேன்.

"நம்ம குஞ்சுங்களுக்கு வீடு வேணாமா?"ன்னாரு. எங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க.

அடுத்த ஞாயிறு ஓவர்சியரை அவரே கோடிக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. மனசு கேக்காம நானும் பின்னாடியே போனேன். செவப்புக் கும்பலு மேல வந்துச்சு. "அதுக்கு அந்தப் பக்கமா போட்டு, அது நடுவுல இழுத்துக்கிட்டு வாங்க"ன்னு மெதுவாச் சொன்னாரு. ஓவர்சியரு கோலைச் சுழட்டி வீசுனாரு. தவளை பொத்துனு விழுந்துச்சு. கொஞ்சம் சும்மா விட்டாரு. அப்புறம் சுண்டி, நிறுத்தி, சுண்டி, நிறுத்தி. நிஜத் தவளை தோத்துப் போவும், அப்படித் தத்துச்சு அந்தக் கட்டை. குஞ்சுங்க செதறுச்சு பாருங்க, தண்ணி அப்படியே பொளந்துக்கிச்சு! எருமை குதிச்ச மாதிரி ஒரு சத்தம். தவளையைக் காணோம்.

கோலு வில்லா வளைஞ்சுது. சக்கரம் கிர்ருனு கத்துது. எங்க வீட்டுக்காரரு "இழுங்க, இழுங்க"ன்னு குதிக்கிறாரு. ஓவர்சியரு இழுக்கவே இல்லை. அது ஓடுறப்ப நூலை விட்டாரு. நின்னா கொஞ்சமாச் சுத்துனாரு. தாமரைக் கொடிக்குள்ள நுழையப் பார்த்தா கோலைச் சாய்ச்சுத் திருப்புனாரு. அந்தப் பொட்டு நூலை வெச்சுக்கிட்டு அவ்வளவு பெரிய மீனை மெல்ல மெல்ல ஓய வெச்சாரு. ஒரு தடவை அது தண்ணிக்கு மேல எகிறித் தலையை உதறுச்சு. "மோரான் மாதிரியே! மோரான் மாதிரியே!"ன்னு அவரு கத்துனாரு. கண்ணுல தண்ணி. நானும் என்னை மறந்து கை தட்டிட்டேன், பொய் எதுக்குச் சொல்றது.

கரையில போட்டா என் பொண்ணு கை நீளம். துணையும் அந்தப் பக்கம் அப்புறம் தலை காட்டல, மிரண்டு ஓடியிருக்கும். மத்தியானம் துணி அலசப் போனேன். நாரையும் மீன்கொத்தியும் கோடிக்கரையில கூடியிருந்துச்சு. செவப்புக் கும்பலைக் காணோம்.

சாயங்காலம் எங்க வீட்டுல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே ஓவர்சியரு, "கங்கப்பா, உனக்கு என்ன வேணும்? கேளு"ன்னாரு. இவரு கேட்டாரு. நான் நினைச்சேன், அந்தாளு சிரிச்சுட்டுப் போயிருவாருன்னு. அவரு எந்திரிச்சுப் போய் மேட்டுல நின்னு பார்த்தாரு. ஏரியைப் பார்த்தாரு. "இந்தக் கோடு கூடுதலா தள்ளிப் போட்டதுதான். தண்ணி இவ்வளவு தூரம் ஏறாது. எப்பவாவது பெரிய வெள்ளம் வந்தா உன் கிணத்துக்குக் கீழே வரைக்கும் வரும்"ன்னாரு. அவரு நம்பித்தான் சொன்னாரு. அதை இன்னைக்கும் சொல்வேன், அந்த மனுசன் கெட்டவரில்லை. மறுநாளே ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து கல்லைப் பேத்தெடுத்து, கிணத்துக்குக் கீழே, ராகிக் காட்டு வரப்புல நட்டாரு. வரைபடத்துலயும் மாத்திட்டேன்னாரு. அன்னைக்கு நான் அவருக்கு விராலு குழம்பு வெச்சேன். எனக்கு இறங்கல.

நாங்க கல்லுக்கு மேல போயிட்டோம். மேல இருக்கிறவங்களுக்கு மாத்து நிலம் கிடையாது. நாங்களும் கேக்கல, எதுக்குக் கேக்கணும்? ரசூல் பாயும் ஜெய்னப் அக்காவும் சாமானை வண்டியில ஏத்திக்கிட்டுக் கரட்டுக்குப் போறப்ப எங்க வீட்டுக்காரரு அவங்களுக்காகப் பரிதாபப்பட்டாரு. ஜெய்னப் அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உனக்கு அதிர்ஷ்டம்டி"ன்னா. பெருமையா இருந்துச்சு, என்ன பண்றது?

ஓவர்சியருக்குக் கடலோரமாவே மாத்தல் வந்துருச்சு. போறப்ப மரத்தவளையை இவரு கையில குடுத்துட்டு, "அங்க எனக்கு மோரான் இருக்கு"ன்னு சிரிச்சாரு. இவரு அதை நடைவாசல் ஆணியில மாட்டி வெச்சாரு.

அணை முடிஞ்ச வருஷம் ஐப்பசியில பிடிச்ச மழை விடவே இல்லை. அணைத் தண்ணி ஏரியை முழுங்கிட்டு முதல்ல வரப்புக்கு வந்துச்சு. கல்லோட கழுத்தைத் தொட்டுச்சு. "இதோட நின்னுரும்"ன்னாரு எங்க வீட்டுக்காரரு. கல்லு முழுகுச்சு. "இது வெள்ளம், வடிஞ்சுரும்"ன்னாரு. கிணத்துக்குள்ளயும் அந்தத் தண்ணி இறங்குச்சு. புள்ளைங்களையும் ஆடுங்களையும் மேட்டுல ஏத்திட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வாசல் வழியா எங்க முறம் மிதந்து வருது, பின்னாடியே அந்தப் பச்சைத் தவளை வருது. அதைக் கீழே இருந்து எதுவோ ஒரு அடி அடிச்சு உள்ள இழுத்துக்கிட்டுப் போச்சு. நூலும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை. தவளை மட்டும் திரும்பி மேல வந்துச்சு.

தண்ணி வடியல. பழைய கல்லு நின்ன குழி வரைக்கும் வந்து, அளந்து வெச்ச மாதிரி அங்க நின்னுச்சு.

ஆபீசுக்குப் போனோம். புது அதிகாரி வரைபடத்தை விரிச்சுப் பார்த்தாரு. "உங்க நிலம் கல்லுக்கு மேல இருக்குது. கல்லுக்கு மேல இருக்கிறது முழுகாது"ன்னாரு.

"ஐயா, முழுகிருச்சுங்க. வந்து பாருங்க. கல்லே முழுகிருச்சுங்க."

"அப்படின்னா கல்லு எங்க?"ன்னாரு.

அதுல இவருக்கு ஒரு யோசனை. கல்லைக் காட்டுனா நம்புவாங்கன்னு. கிணத்துக் கயித்தைக் கட்டி, முழுகி முழுகித் தோண்டி, மாட்டைப் பூட்டி அதை மேல இழுத்தாரு. இழுத்துப் பழைய குழியிலயே நட்டு, வெள்ளையும் அடிச்சுட்டு, அதிகாரியைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. "பாருங்க ஐயா, இதுதான் நிஜமான இடம்."

அதிகாரி குடையைப் பிடிச்சுக்கிட்டு வரைபடத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாரு. "சர்க்கார் கல்லை யாரு நகத்துனது?"

"ஐயா, முதல்ல நகத்துனது உங்க ஓவர்சியருங்க!"ன்னு நான் கத்துனேன். "விராலுக்காக நகத்துனாருங்க!"

சொல்றப்பவே எனக்குத் தெரிஞ்சுது, இதை எவன் நம்புவான்னு. கூட வந்த பியூன் சிரிச்சுட்டான். அதிகாரி சிரிக்கல. "மாத்து நிலத்துக்காகக் கல்லை நகத்தியிருக்கீங்க. போலீசுல சொன்னா உள்ள தள்ளுவான். புள்ளைங்க இருக்கு, பாவம். எடுத்த இடத்துலயே நட்டுரு. நான் எதையும் பார்க்கலைன்னு வெச்சுக்கிறேன்"ன்னாரு. அவரும் நல்லது பண்றதாத்தான் நினைச்சாரு.

எங்க வீட்டுக்காரரு என்னைப் பார்த்தாரு. கல்லைப் பேத்தாரு. வாழைமரம் வெட்டித் தெப்பம் கட்டி, அதுல கல்லை ஏத்தி, எங்க கூரை மேல, எங்க கிணத்து மேல தள்ளிக்கிட்டே போனாரு. வரப்பு இருந்த இடம் அவருக்குத் தெரியாதா? அங்க கல்லைத் தள்ளிவிட்டு, கடப்பாரையோட உள்ள முழுகுனாரு. மூச்சுக்கு மேல வருவாரு, திரும்ப முழுகுவாரு. அதிகாரி குடைக்குக் கீழே நின்னு பார்த்துக்கிட்டே இருந்துட்டு, போதும்னு சைகை காட்டிட்டுப் போயிட்டாரு.

இவரு அதுக்கப்புறமும் முழுகிக்கிட்டே இருந்தாரு. "வாய்யா மேல, அந்தாளு போயிட்டான்"னு தொண்டை கிழியக் கத்துனேன். பல்லு கிட்டிப் போய்க் கரையேறுனாரு. என் முந்தானையால தலையைத் துவட்டிவிட்டேன். உதடெல்லாம் நீலம். "செல்வம்"ன்னாரு, "கல்லு சாஞ்சிருந்துச்சு. இப்ப நேரா நட்டுட்டேன்."