உப்புத்தவளையின் கை

1

இப்போதெல்லாம் யாரும் எதையும் பார்ப்பதில்லை. நிறுத்துகிறார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைபேசியில் விரலால் ஒரு தட்டு. வீரன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நிற்பான். அவன் இடுப்புப் பட்டையில் எத்தனை ஆணி என்று எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும், "எழுபதாம் வாரம் ஆறு ஆணி, எழுபத்தொன்றாம் வாரம் ஐந்து, இதன் உட்பொருள் என்ன?" என்று ஊருக்கெல்லாம் எழுதிப் போடுவார்கள். உட்பொருள் ஒன்றும் கிடையாது. ஓர் ஆணி கழன்று விழுந்தது. நான்தான் அதை மிதித்தேன்.

இந்தக் கதை பிறந்ததும் அந்த எண்ணும் வியாதியால்தான். 'இரும்புவண்டு' தொடருக்கு இந்த வருடம் ஐம்பது வயது. அதில் பதினோரு வருடம் இரும்புவண்டின் உடம்பு நான். முகமும் குரலும் ஓர் அழகான நடிகருடையவை. அவர் கையை உயர்த்தி "உருமாறு" என்று கத்தியதும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து விசிறிவிட்டு, என்னைக் கூப்பிடுவார்கள். உதை வாங்குவது, கூரையிலிருந்து குதிப்பது, தீக்குள் ஓடுவது எல்லாம் நான். பெயர் உகிதா தொகுஜி. கடைசியில் பொடி எழுத்தில் ஓடும்.

ஐம்பதாம் ஆண்டுப் புத்தகத்துக்காகப் பதிப்பகத்திலிருந்து தொமோனோ என்ற பெண் நெரிமாவில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி.

"உகிதா சான், இருபத்தேழாம் பக்கம் உங்களோடது. யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் வேணும். நானூறு கட்டம் போட்ட தாள் ஒண்ணு போதும்."

"யாருக்கும் தெரியாததுன்னா அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"எல்லாரும் அப்படிச் சொன்னா எனக்கு வேலை இல்ல."

நியாயமான பதில். இனிப்பை வாங்கிக்கொண்டேன்.

அவள் கேட்டது நூற்றுப் பதின்மூன்றாம் வாரத்தைப் பற்றி. செத்துக் கிடக்கும் உப்புத்தவளை அரக்கனின் முன்னால் இரும்புவண்டு மண்டியிட்டு, அதன் முகத்தைத் தடவிக் கொடுக்கும் காட்சி. எதிரிக்காகத் துக்கப்பட்ட வீரன் என்று அதற்குத் தனிப் புகழ். நாற்பத்தேழு வருடமாக ரசிகர் கூட்டங்களில் அதைப் பற்றி ஒரே வாக்கியத்தைச் சொல்லிவருகிறேன்: "எதிரிக்கும் ஒரு தாய் இருப்பாள் என்று அந்த நொடியில் தோன்றியது." வழுக்கைத் தலை ஆட்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

அந்த வாக்கியம் பொய். அதைத்தான் எழுதப்போகிறேன். நான் நடுப்பள்ளியோடு நின்றவன், இரும்புப் பட்டறைக்குப் போனவன். கட்டம் போட்ட தாளில் கை கூசுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: அன்று கல்குவாரியின் மேல் வானம் செக்கச்செவேலென்று...

வானத்தை நான் பார்க்கவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: எதிரே உப்புத்தவளை வீழ்ந்து கிடந்தது. அதன் கண்களில் ஏதோ ஒரு...

அதையும் பார்க்கவில்லை.

மூன்றாவது தொடக்கம்: நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

இது நிற்கும்போலிருக்கிறது. இதிலிருந்தே போகிறேன்.

இரும்புவண்டுக்கு இரண்டு தலை. ஒன்று கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்க. பளபளப்பு, கண்ணில் துளை கிடையாது, போட்டவன் குருடன். இன்னொன்று சண்டைக்கு. கண்ணுக்குக் கீழே விரல் நுழையாத அளவுக்கு இரண்டு கீறல், அதன் வழியாகத் தரை தெரியும். முதல் தலையைச் சிவப்புத் துணியிலும் இரண்டாவதை நீலத் துணியிலும் சுற்றி வைப்பார்கள். அன்று யாரோ சிவப்புத் துணியை எடுத்துச் சோற்று உருண்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.* இரண்டு தலையும் நீலத்தில் கிடந்தன. வெளிச்சம் போகிறது என்று இயக்குநர் கத்திக்கொண்டிருந்தார். உடுப்பு மாட்டுகிற பெண் வருவதற்குள் கைக்கு வந்த தலையை நானே எடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் ஓடிவந்து பின்னால் மூன்று கொக்கியையும் போட்டு, தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். தயார் என்று அர்த்தம். உள்ளே கும்மிருட்டு.

(* அந்த 'யாரோ' நான்தான். உருண்டைக்குள் உப்பிட்ட உமெப் பழம் இருந்தது. தேவையில்லாத தகவல் என்று தொமோனோ சொன்னாள். எண்ணுகிறவர்களுக்குத் தேவைப்படும், இருக்கட்டும்.)

கொக்கி போட்டபின் தானாகக் கழற்ற முடியாது. உள்ளேயிருந்து கத்தினால் முனகலாகத்தான் கேட்கும். கையை ஆட்டி நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் தலையைக் கழற்றக் கூடாது. எங்கள் தொழிலில் அதுதான் முதல் சட்டம். ஒரு தடவை ஒருவன் கழற்றிவிட்டான். ஒரு சிறுமி மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அவள் அப்பா கடிதம் எழுதினார். இரும்புவண்டின் கழுத்துக்குள்ளிருந்து வியர்த்த மாமா ஒருவர் வெளியே வந்தால் யார்தான் சாப்பிடுவார்கள்.

ஆகவே குருடனாகவே நடப்பது என்று முடிவுசெய்தேன். கஷ்டமில்லை என்று நினைத்தேன். நேராக ஏழு அடி. நின்று, திரும்பி, காமிராவைப் பார்க்க வேண்டும். தவளைக்குப் பின்னால் வெடி வெடிக்கும். வெடிமருந்து புதைத்த இடங்களில் அடையாளத்துக்குச் சாப்பாட்டுக் குச்சிகளை நட்டு வைத்திருப்பார்கள். நாங்கள் நடந்து பார்த்து மனப்பாடம் செய்ததும் குச்சியைப் பிடுங்கிவிடுவார்கள். ஏழு அடிவரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டி இடப்பக்கம் மூன்று குழி.

நான்காவது அடியில் ஒரு பிள்ளை கத்தியது: "இரும்புவண்டு, தவளை இன்னும் சாகல, மூச்சு விடுது பாரு!"

பிள்ளைகள் கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அது இரண்டாவது சட்டம். குரல் வந்த பக்கம் திரும்பி முஷ்டியை உயர்த்தினேன். திரும்பவும் முன்பக்கம் பார்த்தேன். எது முன்பக்கம்? ஐந்து என்று எண்ணினேனா, ஆறா? நடந்தேன்.

அப்போது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

மண்டியிட்டு விழுந்தேன். எதன்மேல் விழுந்தேன் என்று தெரியாமல் மற்ற கையால் தடவினேன். ரப்பர், பள்ளம், அதற்குள் பல். தவளையின் முகம். இடப்பக்கம் வெடித்தது. கல் தெறித்து என் முதுகில் விழுந்தது. இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. நான் தவளையின் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன், வேறு எதைப் பிடிப்பது என்று தெரியாமல்.

அதுதான் நீங்கள் அழுத காட்சி.

3

தவளைக்குள் இருந்தவர் ஷிமோயாமா அண்ணன். தொடரில் நூறு அரக்கனுக்கு மேல் போட்டவர். அரக்கன் போட்டவர்களின் பெயர் பொடி எழுத்தில்கூட ஓடாது. உறையிலிருந்து வெளியே எடுப்பதும் அவர்களைக் கடைசியில்தான். அன்று எல்லோரும் என்னைச் சுற்றி நின்று கைதட்டி முடித்த பிறகே தவளையின் முதுகு ஜிப்பைத் திறந்தார்கள். அவர் வெளியே வந்து, பார்லித் தேநீர் கேட்டுக் குடித்து, என்னை ஒரு தடவை பார்த்தார். நான் குனிந்து குனிந்து பாராட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். நன்றியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நாற்பத்தேழு வருடம் ஆகிவிட்டது.

அவர் பெயர் இருபத்தேழாம் பக்கத்தில் வர வேண்டும், இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே. இவ்வளவுதான் விஷயம். வந்தால் என் தாய் வாக்கியம் போய்விடும். என்னிடம் இருக்கும் நல்ல வாக்கியம் அது ஒன்றுதான்.

(இதுவரை படித்த தொமோனோ, "இந்த ஷிமோயாமா சான் கொஞ்சம் அன்பா நாலு வார்த்தை பேசினா வாசகருக்குப் பிடிக்கும்" என்றாள். முயன்று பார்த்தேன். 'உகிதா, நீ நலமாக இருப்பது கண்டு என் மனம்...' முடியவில்லை. அந்த வாயில் 'நலம்' தங்காது. நடந்ததை அப்படியே தருகிறேன்.)

கவாகோயெயில் அவர் மகளின் சலவைக் கடை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டை மடித்துக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது. என்னைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தவில்லை.

"ரசீது இருக்கா?"

"அண்ணே, நான் உகிதா."

"தெரியுது. ரசீது இருக்கான்னு கேட்டேன்."

"துணி எடுக்க வரல. தவளை விஷயமா வந்தேன்."

"எந்தத் தவளை? நாலு தவளை போட்டிருக்கேன்."

"உப்புத்தவளை. குவாரில என் கையைப் புடிச்சு இழுத்தீங்களே."

அவர் ஒரு காலரை நீவிவிட்டார். "நான் எங்கடா உன்னைப் புடிச்சேன்? கால் மரத்துப்போச்சு. எந்திரிக்கலாம்னு பாத்தேன். எது மாட்டுச்சோ அதைப் புடிச்சேன். உன் கையா அது? கயிறுன்னு நெனச்சேன்."

"செத்தவரு எதுக்கு எந்திரிக்கணும்?"

"காலைலேர்ந்து மூணு தடவ செத்தாச்சு. மனுஷன் எவ்வளவு நேரம்தான் செத்துக் கெடப்பான்."

"புத்தகத்துல உங்க பேரைப் போடச் சொல்லப்போறேன்."

"போட்டா வழக்குப் போடுவேன். நீ பாட்டுக்கு அம்மா, தாய்னு மேடைல அளந்துட்டிருக்கே, ஜனமும் அழுவுது. இப்ப என்ன திடீர்னு? வயசாயிடுச்சு, பயம் வந்துடுச்சா?"

"ஆமா."

ஒரு வாடிக்கையாளர் வந்தார், கோட்டை வாங்கிக்கொண்டு போனார். நான் குனிந்து வணங்கிவிட்டுக் கதவுவரை போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏழு அடின்னுதானேடா பேசினோம்? பத்தாவது அடி வெச்சே நீ. முட்டாப்பய."

திரும்பினேன். அவர் அடுத்த சட்டையை எடுத்துவிட்டார்.

ரயிலில் வரும்போது யோசித்தேன். கால் மரத்துப்போய், கயிறு என்று நினைத்து எதையோ பிடித்தவருக்கு நான் வைத்த அடியின் கணக்கு எப்படித் தெரியும்? அந்த இருட்டில் எனக்கே எண்ணிக்கை தவறிவிட்டது. அப்படியானால் செத்துக் கிடந்தபடியே ஒருவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அழகான முடிவு. இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் நெரிமாவில் இறங்குவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் காலத்தில்தான் எல்லோரும் நிறுத்தி நிறுத்தி எண்ணுகிறார்களே. "இரும்புவண்டு பத்து அடி நடப்பது ஏன்?" என்று எவனாவது எழுதிப் போட்டிருப்பான். அவர் பேத்தி யாராவது கைபேசியில் காட்டியிருப்பாள். கிழவர் அதைப் படித்துவிட்டு என்னை மடக்குகிறார். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். கட்டிப்பிடிக்கும் காட்சியில் என் கழுத்துக்குள் பனிக்கட்டி போட்டவர்.

4

புத்தகத்தில் பெயர் வருகிறவர்களுக்கு மெய்ப்பு அனுப்பிச் சம்மதம் கேட்பது பதிப்பகத்தின் வழக்கம். இருபத்தேழாம் பக்கம் ஷிமோயாமா அண்ணனுக்குப் போனது. சிவப்புப் பென்சிலில் தன் பெயரை அடித்து, மேலே 'உகிதா' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். நான் 'உகிதா'வை அடித்து 'ஷிமோயாமா' என்று எழுதினேன். மறுபடி போனது. மறுபடி வந்தது. இந்தத் தடவை ஓரத்தில் கூடுதலாக ஒரு வரி: 'இவன் சின்ன வயதிலேயே பொய்யன்.'

தொமோனோ அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பெயர் இருந்த இடம் உரசி உரசிக் கிழிந்திருந்தது.

"உகிதா சான், ஐம்பது பக்கத்துல நாப்பத்தொம்பதுல எல்லாரும் 'அது நான்தான்'னு சண்டை போடறாங்க. இந்த ஒரு பக்கத்துல மட்டும் 'நான் இல்ல'ன்னு ரெண்டு பேர் அடிச்சுக்கறீங்க."

"அவரு பொய் சொல்றாரு."

"அவரும் அதையேதான் சொல்றாரு. நாளைக்கு அச்சுக்குப் போகுது. யார் பேரைப் போட?"

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: பார்த்துக்கொண்டே இருந்தார், எண்ணினார், பிடித்தார். பெயர் ஷிமோயாமா. இத்தனை வருடம் ஒரு நன்றிகூடக் கேட்காமல் சட்டை மடித்துக்கொண்டிருந்தார். இது உண்மையென்றால் நான் எவ்வளவு கேவலமானவன் என்பதை எழுத இன்னும் நாலு தாள் வேண்டும்.

முடிவு இரண்டு: கால் மரத்துப்போனது. யாரும் யாரையும் காப்பாற்றவில்லை. ஒரு மனிதனின் மரத்துப்போன காலைப் பார்த்து நாடே அழுதது.

முடிவு மூன்று: எதிரிக்கும் ஒரு தாய் இருப்பாள் என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றி...

இதை அடிக்க வேண்டும். பென்சில் கையில்தான் இருக்கிறது.

5

ஆகவே நான் செய்தது இது. ரயில் நிலையத்தின் எதிரே காப்பிக் கடையில் தொமோனோவிடம் தாள்களைக் கொடுத்தேன். ஒன்று கேட்டாள், பதினொன்று இருந்தன.

"பேரு போடற இடத்தைக் காலியா விடு. மேல அந்தக் காட்சியை ஒரு படமாப் போடு. ரெண்டு கையும் சேர்ந்திருக்குமே, அது. பெரிசாப் போடு."

"தூசில ஒண்ணும் தெரியாதே. எந்தக் கை எதைப் புடிச்சிருக்குன்னு நானே நூறு தடவ நிறுத்திப் பாத்துட்டேன்."

"அப்ப அவங்களும் பாக்கட்டும். நிறுத்தறதும் எண்ணறதும்தானே அவங்க வேலை? இவ்வளவு வருஷம் பட்டைல ஆணி எண்ணினாங்க, ஒரு தடவ விரலை எண்ணட்டும். தவளைக்கு மூணு விரல்."

"நீங்க என்ன நெனக்கறீங்க? அதைச் சொல்லுங்க."

"துளை இல்லாத தலை போட்டிருந்தவன்கிட்ட கேக்கறியே."

சிவப்புப் பென்சிலை மேசைமேல் வைத்தேன். காப்பி பாதி இருந்தது. அந்தக் கடையில் காப்பி நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நான் எழுந்து போய்விட்டேன் என்று அர்த்தம். பென்சில் உங்கள் பக்கம் இருக்கிறது. எழுதுங்கள், அடித்துவிடாதீர்கள், தாள் தாங்காது.

வெளியே வந்து சிக்னலை நோக்கி நடந்தேன். வேண்டாம் என்று நினைத்தும் மனம் எண்ணியது. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது அடிக்கு முன்னால் மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் விட்டுப் பார்த்தேன். கயிறாம். கயிறு என்று நினைத்தவன் அவ்வளவு அழுத்தியா பிடிப்பான்? நம்புகிறவர்கள் நம்பட்டும். பச்சை விழுந்தது, கடந்து போனேன்.