மாவென்று நினைத்த புள்ளிகள்

மார்கிலான் நகரச் சந்தைக்குப் பின்னால் ரொட்டி சுட்டு விற்கும் மோஹிதில் யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. மாவு மூட்டை வந்து இறங்கினால் அடிவரைக்கும் கைவிட்டுப் பார்ப்பாள். கட்டின புருஷன் கொண்டுவந்த விறகையும் ஈரமா என்று முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பாள்.

அப்படிப்பட்டவளை, ஐம்பது வயதாகிவிட்டது என்று நச்சரித்து, நாத்தனார் சுல்குமோர் மார்பகப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். எக்ஸ்ரே படத்தில், இடது மார்பின் ஓரத்தில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர் சவோதத்.

"கட்டி இருக்கா?"

"கைக்குத் தட்டுப்படல."

"வலியும் இல்ல. அப்புறம் என்னத்துக்கு ஊசி? விடியக்காலையிலேருந்து மாவுல புரண்டுட்டு நேரா வந்திருக்கேன், டாக்டரம்மா. ஒட்டின மாவைப் போயி நோவுன்னு சொல்றீங்களே."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "பவுடர், களிம்பு பூசியிருந்தாலும் சில சமயம் புள்ளி விழும். குளிச்சிட்டு வாங்க, திரும்ப எடுப்போம்."

அவர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே மோஹிதிலுக்கு உறுத்தியது. வாசலுக்கு வந்ததும் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தம்மா உனக்குச் சொந்தமா?"

"ஆமா அண்ணி. உன்னைப் பிடிச்சுக் குடுத்தா எனக்கு ஒரு ஆடு தர்றாங்களாம்."

மறுநாள் பொதுக் குளியலறையில் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள் மோஹிதில். யாரிடமும் சொல்லாமல் கோகந்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே வேறு ஆஸ்பத்திரி, வேறு மெஷின். முதல் படத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. என்ன சொல்கிறார்கள், பார்ப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அங்கிருந்த வயதான டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். பென்சில் முனை இடது மார்புக்குப் போனது. அதே ஓரத்தில் நின்றது.

"இங்க சின்னச் சின்னதா சுண்ணாம்புப் புள்ளி இருக்கும்மா. இதை விடக்கூடாது."

இனிச் சந்தேகப்பட ஆளில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மோஹிதில், தான் ஏமாற்றப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினாள்.

சவோதத்திடமே திரும்பி வந்து ஊசிக்குச் சம்மதித்தாள். பால் வரும் குழாய்க்குள் புற்று இருந்தது. குழாயின் சுவரைத் தாண்டி வெளியே பரவவில்லை. "இந்த நிலையில எடுத்துட்டா அநேகமா எல்லாருமே குணமாயிடறாங்க" என்றார் டாக்டர். ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து, வாதுமை பூக்கும் காலத்தில் மோஹிதில் மறுபடி அடுப்படிக்கு வந்தாள்.

ஒருநாள் ரொட்டி வாங்க வந்த தையற்காரி ஒய்தின், மோஹிதில் பரிசோதனைப் பேச்சை எடுத்ததுமே நழுவப் பார்த்தாள். "எனக்குத்தான் கட்டியே இல்லையேக்கா. எதுக்குப் போகணும்?"

மோஹிதில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கும் இல்லடி. கட்டி வர்றதுக்கு முந்தியே போனதாலதான் பொழைச்சேன். டாக்டரைச் சந்தேகப்படு, இன்னொரு டாக்டரைப் போய்க் கேளு, தப்பில்ல. ஆனா எனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு உன் மனசு சொல்லுது பாரு, முதல்ல அதைச் சந்தேகப்படு."