மாஸ்டர் கொண்டுவந்த சப்பாத்து

மரியநாயகம் மாஸ்டரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் போவதில்லை. பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காக?

ஒரு இறாத்தல் பாண் ரொட்டிக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம் அது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் புதிதாக யாரையும் வேலைக்குப் பேர் பதியவில்லை. அம்மா ஒருத்தி கொழுந்து பறித்துத்தான் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. எனக்கு இருந்த ஒரே வழி என் கால். கண்டி டவுனில் ஒரு பெரிய கம்பெனியின் டீமை நடத்திய இராமநாதன் ஐயா, அரையிறுதியில் நான் ஆடியதைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பியிருந்தார். "அழகர்ங்கிற பையனைப் பார்க்க ஃபைனலுக்கு வாறேன். நல்லா ஆடினா ஸ்டோர்ல வேலை." அன்று அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதே அரையிறுதியில்தான் ஆட்டம் பார்க்க வந்த டவுன் பையன்கள் எங்கள் வெறுங்காலைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்கு அது பழகிப்போன சிரிப்பு. மாஸ்டருக்குத்தான் பொறுக்கவில்லை. ஃபைனலுக்கு முந்தின நாள் எங்கிருந்தோ ஒரு சாக்கு நிறையப் பழைய சப்பாத்து கொண்டுவந்து கொட்டினார்.

"மாஸ்டர், வெறுங்கால்லயே ஆடிப் பழகிட்டோங்க. கப்ப எடுத்துட்டு அப்புறமாப் போட்டுக்கிறோமே," என்றான் எங்கள் கேப்டன் மூக்கையா.

"என் டீம் இனி வெறுங்காலோட எறங்காது. போட முடியாதவன் வீட்டுக்குப் போ."

வெறுங்காலோடு ஆடலாம் என்று நடுவரே சொல்லியும் மாஸ்டர் கேட்கவில்லை. அளவு சேராத அந்த நாசமாய்ப் போன சப்பாத்துக்குள் கடதாசியை அடைத்துக்கொண்டு இறங்கினோம். பந்து காலில் பட்டதே தெரியவில்லை. இரண்டு பேர் நொண்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்; இருந்த இரண்டு மாற்று ஆட்களும் இறங்கியாயிற்று. இடைவேளையில் இரண்டு கோல் பின்னால் நின்றோம். என் குதிகாலில் தோல் உரிந்து தொங்கியது. சப்பாத்தைக் கழற்றி எறிந்தேன்.

"வெறுங்காலோட எறங்கினா ரெண்டு கோலையும் திருப்பிடலாம் மாஸ்டர்!"

"நீ உக்காரு."

"வேற ஆள் இல்லீங்களே!" என்று மூக்கையா கத்தினான்.

"பத்துப் பேர் போதும்."

இராமநாதன் ஐயா அப்போதுதான் வந்து முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார். சரி, அதையே போட்டுத் தொலைப்போம் என்று சப்பாத்தை எடுத்தேன். கடதாசியை உருவிப் போட்டும் வீங்கிய கால் உள்ளே போகவே இல்லை. மாஸ்டரின் காலில் விழுந்தேன்.

"என்னையப் பார்க்கத்தாங்க வந்திருக்காரு. பத்து நிமிஷம் விடுங்க. எங்க அம்மாவுக்காக விடுங்க மாஸ்டர்!"

"நான் சொன்னா சொன்னதுதான். எந்திரி."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது கோல் விழுந்தது, நாலாவது விழுந்தது. மைதானத்தில் மூக்கையா அழுதுகொண்டே நொண்டி ஓடினான். நான் கோட்டுக்கு வெளியே புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் இராமநாதன் ஐயா நேராக மாஸ்டரிடம் வந்தார். சுற்றிலும் டவுன் ஆட்கள் வேடிக்கை பார்த்து நின்றார்கள்.

"அந்த அழகர் எங்க, மாஸ்டர்? ஏன் எறக்கல்ல?"

மாஸ்டர் அந்த ஆட்களைப் பார்த்தார். தன் பிடிவாதத்தால்தான் தோற்றோம் என்று அவர்கள் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அவனுக்குக் கால் போச்சுங்க. இனிமே ஆட மாட்டான்."

அடப்பாவி! நான் துள்ளி எழுந்தேன்.

"ஐயா, நான்தாங்க அழகர்! கால் நல்லா இருக்குங்க! பாருங்க!"

குதித்துக் காட்டினேன். வலியில் கண் இருட்டியது. மறுபடியும் குதித்தேன். குதிகால் பிளந்து இரத்தம் ஐயாவின் வெள்ளைக் காற்சட்டையில் தெறித்தது.

"பாவம், டாக்டர்கிட்ட காட்டு தம்பி," என்று என் தோளைத் தட்டிவிட்டு, கப்போடு நின்ற டவுன் பையன்கள் பக்கம் நடந்தார்.

மாஸ்டர் சப்பாத்துகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். மூக்கையா வந்து என்னைக் கட்டிப் பிடிக்கும்வரை நான் குதித்துக்கொண்டே இருந்தேன்.