கரிபா ஏரியை நிரப்பிய மாவு மில்

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் இன்று ராத்திரி என் தட்டில் விழுகிற நிசிமா களி கல்லாகிப் போகட்டும், தொட்டுக்கொள்ளக் கருவாட்டுத் துண்டுகூடக் கிடைக்காமல் போகட்டும். சத்தியம் செய்தாயிற்று.

அந்த வருஷம் கரிபா ஏரி வற்றிய வற்றலில், உடம்பை மறைக்கத் தண்ணீரில்லாமல் நீர்யானைகள் புதருக்குப் பின்னால் கூச்சப்பட்டு நின்றன. நாட்டுக்கே அந்த ஏரித் தண்ணீரில்தான் கரண்ட். அதனால் கம்சோலோ ஊருக்குக் கரண்ட் புது மாப்பிள்ளை மாதிரி வந்தது: எப்போதாவது வரும், வந்ததும் கிளம்பும்.

முசோண்டாவின் மாவு மில் படுத்துவிட்டது. பெண்கள் மக்காச்சோள மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் வாசலைத் தாண்டி டவுன் மில்லுக்கு நடந்தார்கள். போகிற போக்கில் நலம் வேறு விசாரித்தார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மனைவி புபே கெடு வைத்தாள். "சனிக்கிழமை எங்கண்ணன் லாரியோட வர்றான். மில்லு ஓடலன்னா பழைய இரும்புக்கு ஏத்திடுவான். அப்புறம் வடக்க போயி, அவன் வீட்டுல அவன் போடற நேரத்துக்குச் சாப்பிட வேண்டியதுதான்."

மைத்துனன் வீட்டுச் சாப்பாட்டை நினைத்ததுமே முசோண்டாவுக்கு நெஞ்சைக் கரித்தது.

எதிரே ஜெரேயின் பீர் கடை. கூரை முழுக்க சோலார் தகடுகள். அவற்றின் பேட்டரி காலையிலேயே நிரம்பி ஏப்பம் விட்டுவிடும். கடை திறப்பதோ பொழுது சாய்ந்து. நடுவில் அத்தனை தகடும் சும்மா வெயில் காய்ந்தன.

முசோண்டா பெம்பா கூட்டம், ஜெரே இங்கோனி கூட்டம். இரண்டு கூட்டத்து முப்பாட்டன்களும் ஒருவர்மேல் ஒருவர் ஈட்டி எறிந்து, கை வலித்து, கடைசியில் மச்சான் முறை வைத்துக்கொண்டவர்கள். வையலாம், வாரலாம், ஒருவன் பொருளை இன்னொருவன் பட்டப்பகலில் தூக்கிப் போகலாம். முதலில் கோபப்படுகிறவன் கோழி அடித்து விருந்து போடவேண்டும்.

முசோண்டா ஏணியைச் சாத்தி, ஜெரேயின் கூரைமேல் ஏறிவிட்டான்.

மாமரத்தடியில் இருந்த ஜெரே நிமிர்ந்து பார்த்தான். "வா மச்சான். குரங்கு திங்கறவனுக்குக் கூர ஏறச் சொல்லியா தரணும்."

"எலி திங்கறவனுக்கு வளைக்குள்ள எதுக்குடா வெயிலு? சும்மா உக்காரு."

ஜெரே தன் வீட்டுக் கோழியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சிரித்து வைத்தான்.

தகடுகளைக் கழற்றி வந்து மில்லில் பூட்டியதும் மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. ஏரி நிரம்பி வழிந்த காலத்தில் வாங்கிய மோட்டார் அது. கிளம்பும்போது தெரு பல்பெல்லாம் பயந்து கண்ணை மூடிக்கொள்ளும்.

மறுநாள் ஜெரே தள்ளுவண்டியோடு வந்தான். "என் தகடு உனக்கு, இந்தத் தீனிப்பண்டார மோட்டாரு எனக்கு. கடையில குடிக்கறவனுக்கு உக்கார எடமில்ல."

முசோண்டா கத்த வாயைத் திறந்தான்.

"நம்மகிட்ட இருக்கறது ஒரே கோழி," என்றாள் புபே. வாய் மூடிக்கொண்டது.

அவன் நேரே ஜெரேயின் கொல்லைக்குப் போனான். வற்றிய கிணற்றருகே வேலையில்லாமல் கிடந்த சின்ன மோட்டாரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். புபே மில்லுக்குள் சோளத்தை இடிக்கிற தேய்ந்த சுத்திகளை மாற்றினாள், பெல்ட்டை இழுத்துக் கட்டினாள், இண்டு இடுக்கெல்லாம் கிரீஸ் தடவினாள். வெள்ளிக்கிழமை வெயில் ஏறியதும் மில், கொட்டாவி விட்ட பூனை மாதிரி சத்தமில்லாமல் எழுந்து ஓடியது. தாண்டிப் போன பெண்கள் மூட்டையோடு திரும்பி வந்தார்கள்.

சாயங்காலம் ஜெரே வந்தான். "மச்சான், என் பீரு கஞ்சியா கொதிக்குது."

"கோவமா?"

"யாருக்கு? வேர்க்குது, அவ்வளவுதான்."

"தகட்ட உன் கூரைக்கே ஏத்திடறேன். காலையில உன் பேட்டரி நெறஞ்சப்புறம் வயரு என் பக்கம், பொழுது சாஞ்சா பேட்டரி உன் பக்கம்."

"இத முதல்லயே கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா நீ குடுத்திருப்ப. அப்புறம் நாம என்ன மச்சானுங்க?"

சனிக்கிழமை இரும்புக்கு வந்த லாரி மாவோடு திரும்பியது. மைத்துனன் தும்மிக்கொண்டே ஓட்டிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மில்லும் கடையும் லீவு. அவ்வளவு கரண்டும் எங்கே போகும்? வந்த கம்பி வழியாகவே கரிபாவுக்கு ஓடி, அணைக்கட்டின் சக்கரங்களைத் தலைகீழாகச் சுற்றியது. மொசாம்பிக்குக்குப் போன தண்ணீர் மலையேறித் திரும்ப வந்தது. மீன்கள் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன. ஏரி தளும்பியது. நீர்யானைகள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக இறங்கின.

கோழியை யார் அடிப்பது என்று தீரவில்லை. இரண்டு வீட்டுக் கோழியையும் புபே ஒரே சட்டியில் போட்டுவிட்டாள். பழைய மோட்டாரின் மேல் உட்கார்ந்து முசோண்டா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

கம்சோலோவுக்கு இன்றுவரை கரண்ட் கம்பி வந்ததில்லை. தேர்தலுக்கு நட்ட கம்பங்களில் ஆடு கட்டியிருக்கிறார்கள். இன்று ராத்திரிக் களியைத் தொட்டுப் பார்க்கத்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.