ஆரஞ்சில் கிளிப்பச்சை

ஜெனிட்டா ஓட ஆரம்பித்தது சந்திரம்மாவிடமிருந்து தப்பிக்கத்தான்.

நிறைமாதத்தில் வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் துடிப்பு நின்றுபோனது. பெண் குழந்தை. விடுப்பு முடிந்து மறைமலைநகர் கம்பெனிக்கு அவள் திரும்பியபோது, பஸ்ஸில் அவள் ஏறியதும் பேச்சு நின்றது. கார்களுக்கான ஒயர்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுக்கு. விளக்கு எரிந்தால் நல்லது, எரியாவிட்டால் தள்ளு. அந்த வேலை சௌகரியமாக இருந்தது. மனசு வேண்டியதில்லை.

சாயங்காலம் அச்சரப்பாக்கத்தில் பஸ் இறக்கிவிடும். தெருமுனை வீட்டு சந்திரம்மா கேட்டருகே காத்திருந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வாள்.

“உனக்குப் போயி இப்பிடி ஆயிட்ச்சே. பாவம்டி நீ” என்று அழுவாள். ஜெனிட்டா அவள் அழுது முடிக்கும்வரை நிற்பாள். பிடித்திருக்கிற கை தன்னுடையது மாதிரி இருக்காது.

ஒருநாள் அந்தப் பக்கம் போகாமல் ஏரிக்கரை வழியாகத் திரும்பினாள். யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று வேகமாக நடந்தாள். நடை தானாகவே ஓட்டமானது. மூச்சு வாங்கியது. விலா குத்தியது. குத்துவது தெரிந்தது. அத்தனை நாளில் உடம்பில் தெரிந்த முதல் விஷயம் அதுதான். மறுநாளும் போனாள்.

கணவன் கிருபாகரனின் பழைய மண்கலர் சட்டை, தொளதொள பேன்ட், மேலே ஒரு துப்பட்டா. எதிரில் ஆள் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, போனைப் பார்ப்பதுபோல நிற்பாள். ஓடுகிறவள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. கரையோர முள்செடிக்கும் தனக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

அந்த பேன்ட் தொடைப்பக்கம் கிழிந்தபோது செங்கல்பட்டில் ஒரு கடைக்குப் போனாள்.

“கறுப்புல லெக்கின்ஸ் இருக்குதா? ஓடறதுக்கு.”

“உங்க சைசுல கறுப்பு தீந்துட்ச்சுக்கா. இது ஒண்ணுதான் கீது” என்று கடைப்பெண் ஒன்றை விரித்துக் காட்டினாள். பளீரென்ற ஆரஞ்சு. அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கிளிப்பச்சை இலைகள், நடுநடுவே ரோஸ் பூ. வாங்க மாட்டாள் என்று நினைத்து அந்தப் பெண் அப்போதே மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“குடு” என்றாள் ஜெனிட்டா. வேண்டாம் என்று சொல்லவும் ஒரு விருப்பம் வேண்டுமே. அது அவளிடம் இல்லை.

வீட்டில் கிருபாகரன் அதைத் தூக்கிப் பார்த்தான். கம்பெனி வேன் ஓட்டுகிறவன். குழந்தை போனதிலிருந்து அவளிடம் மெதுவாகத்தான் பேசுவான், ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல.

“இன்னா ஜெனி இது? கல்யாணப் பந்தல் துணியாட்டம் கீது.”

“இதான் இருந்துச்சு.”

அவன் அதை மடித்துக் கட்டிலில் வைத்தான்.

அதைப் போட்டுக்கொண்டு கரையில் ஏறிய அன்று ஒளிய முடியவில்லை. மாடு ஓட்டிப் போனவர் தூரத்திலேயே நின்று பார்த்தார். போனை எடுத்து நடிப்பதில் அர்த்தமில்லை. ஆரஞ்சுக் காலோடு நின்றாலும் பார்ப்பார்கள், ஓடினாலும் பார்ப்பார்கள். ஓடினாள். திரும்பி வருகையில் ஞாபகமில்லாமல் தெருமுனை வழியாகவே வந்துவிட்டாள். கேட்டருகே சந்திரம்மா நின்றாள். வழக்கம்போலக் கை நீட்ட வந்தவள், பாதியில் நிறுத்திக் காலைப் பார்த்தாள்.

“அடியே! இன்னாடி கூத்து இது? வயசுக்கு வந்த பசங்க இருக்கிற தெரு! ஊரே சிரிக்கப் போவுது!”

“சிரிக்கட்டும் பெரிம்மா.”

“வாயப் பாரு! வூட்டுக்குப் போயி மொதல்ல கழட்டு!”

ஜெனிட்டா வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தாள். யாரோ தன்னைத் திட்டினார்கள் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. அப்படித் திட்டு வாங்கி எத்தனை மாதமாகிவிட்டது. பாவப்பட்டவளை யாரும் திட்ட மாட்டார்கள், ஆளைத்தான் திட்டுவார்கள்.

அப்புறம் தானே ஆன்லைனில் தேடி ஒரு மஞ்சள் டி-ஷர்ட் வாங்கினாள். முதுகில் மின்னல் மாதிரி ரோஸ் கோடு. டீக்கடைப் பையன்கள், “மச்சான், சிக்னல் லைட்டு போவுதுடா!” என்று கத்தினார்கள். அவள் ரோட்டோரம் ஒதுங்கவில்லை. துப்பட்டாவை விட்டுவிட்டாள். முன்பு தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடுவாள்; இப்போது அந்த உடுப்பில் குறுகி ஓடினால் வேடிக்கையாக இருக்கும் என்று நிமிர்ந்தாள். நிமிர்ந்ததில் மூச்சு நன்றாக வந்தது. சந்தோஷமெல்லாம் இல்லை. இரவில் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

கம்பெனியில் பக்கத்து மேசை காயத்ரிதான் மாமல்லபுரம் ஓட்டத்துக்கு அவள் பெயரையும் கொடுத்தவள். பெண்களுக்கான பத்து கிலோமீட்டர். “கேட்டா வரமாட்ட, அதான் கேக்கல” என்றாள். ஜெனிட்டா சரி என்று தலையாட்டினாள்.

அன்று விடியும்போது கிருபாகரன் இருவரையும் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டான். நிறையப் பெண்கள். பெரும்பாலும் கறுப்பும் கருநீலமும். விசில் ஊதியதும் காயத்ரி முன்னால் போய்விட்டாள். ஜெனிட்டா தன் வேகத்தில் போனாள். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. பாதி தூரத்தில் திரும்பி வரும்போது கால் கல்லாகிவிட்டது. சாலையோரம் போய் நின்றாள். இவ்வளவு போதும் என்று தோன்றியது.

“இன்னாம்மா நின்னுட்ட?” பின்னாலிருந்து ஒரு பெண் குரல். ஐம்பது வயது இருக்கும், நரைத்த தலையை ஆம்பளை மாதிரி வெட்டியிருந்தாள். “நான் உன் காலப் பாத்துகினேதான் இவ்ளோ தூரம் வந்தேன். எனக்குத் தூரத்துல அதான் தெரியுது. நீ நின்னா நானும் நிக்கணும். ஓடு.”

ஜெனிட்டா ஓடினாள். பின்னால் அந்தப் பெண்ணின் செருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. தன்னை ஒருத்தி பிடித்துக்கொண்டு வருகிறாள் என்ற நினைப்பில் மறுபடி நிற்கவில்லை. முடிகிற இடத்தின் வளைவுக்கடியில் இருவரும் சேர்ந்தே நுழைந்தார்கள்.

மணலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் பிரபா. செங்கல்பட்டில் பேங்க்கில் வேலை.

“எத்தினி பசங்கம்மா உனக்கு?” என்று சும்மா கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிப் பழகியிருந்தாள் ஜெனிட்டா.

“ஒரு பொண்ணு. வயித்துலயே போயிடுச்சு.”

‘பாவம்’ என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. பிரபா கடலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பேரு வெச்சிருந்தியா?”

“மிரியாம்.”

“நல்ல பேரு” என்றாள் பிரபா. அப்புறம் ஷூவைக் கழற்றி மணலைத் தட்டினாள்.

திரும்பும் வழியில் காயத்ரி, அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று திருக்கழுக்குன்றத்தில் இறங்கிக்கொண்டாள். அதன்பின் வேனில் இருவர்தான். கழுத்தில் தொங்கிய மெடலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள் ஜெனிட்டா.

“இன்னாங்க.”

“ம்?”

“பாப்பாவுக்கு ஒரு பேரு வெச்சிருந்தேன். மிரியாம்னு.”

வேன் கொஞ்ச தூரம் போனது. பிறகு கிருபாகரன் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினான்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“வாய் வரல.”

“மிரியாம்” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தான். அப்புறம் ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அத்தனை மாதத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. எப்போது அழுவது, அவளைப் பார்த்துக்கொள்ளவே அவனுக்குச் சரியாக இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. சீட்டில் நகர்ந்து உட்கார்ந்து, அவன் முதுகில் கை வைத்தாள். சட்டை வேர்வையில் சூடாக இருந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

“பசிக்குது” என்றாள் கடைசியில். “எங்கனா நாஸ்தா பண்ணிட்டுப் போலாம்.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.